‘நாமே கட்டினால் பாதிச் செலவு’: இது யார் போட்ட கணக்கு?



“நாமே செய்தால் பாதிச் செலவில் முடியும்.” இந்த வாக்கியத்தை நாம் இரண்டு இடங்களில் அடிக்கடி கேட்கிறோம். ஒன்று, நகரத்து நண்பர்களிடம். சோப்பு, சாம்பார்ப்பொடி, துணிப்பை என்று தொடங்கிய அவர்கள் இப்போது மண்ணை மிதித்துச் சுவர் எழுப்பக் கற்றுத்தரும் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு வரை போய்விட்டார்கள். மண் மிதிப்பதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். நம் அம்மாக்கள் கேட்டால் சிரிப்பார்கள். இன்னொன்று, அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டங்களில். அங்கே அது விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2016-இல் தொடங்கிய பிரதமர் ஊரகக் குடியிருப்புத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையைப் படித்துப் பாருங்கள். வீட்டைப் பயனாளியே கட்ட வேண்டும், அல்லது தன் மேற்பார்வையில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக்காரர் உள்ளே வரக்கூடாது.

நகரத்து நண்பர்களின் சோப்பை இப்போதைக்கு விட்டுவிடுவோம். பிழைத்துப் போகட்டும். வீட்டைப் பற்றிப் பேசுவோம். ஏனென்றால் அந்த மத்திய அரசுத் திட்டத்தின் இலக்கில் 60 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ‘நீயே கட்டிக்கொள்’ என்ற விதி முதன்மையாக யார் தோளில் இறங்குகிறது என்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அந்தத் திட்டம் சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்குத் தரும் தொகை 1,20,000 ரூபாய். 2016-இல் அதுதான். 2024-இல் திட்டத்தை மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டித்தபோதும் அதேதான். இந்த இடைவெளியில் சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், மேஸ்திரி கூலி எதுவும் அதே இடத்தில் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு கூடுதல் தொகை சேர்ப்பதால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2024-இல் வந்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய். மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் நல்ல தொகைதான். அதைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையானவர்கள் ஆகமாட்டோம்.

ஆனால் அந்தத் தொகைக்கு வீடு முடிகிறதா?

திண்டிவனம் பக்கத்தில் ஒரு சேரிப் பகுதியில் கணவனும் மனைவியும் 2024-25-இல் இந்தத் திட்டத்தில் வீடு கட்டினார்கள். பெயர் வேண்டாம். அவர் கொத்தனார். பழைய மாமல்லபுரம் சாலையில் எழும்பும் அடுக்குமாடிகளில் வேலை. நாள் கூலி 1,000 ரூபாய். அந்த அக்கா களை எடுப்பு, நடவு, கிடைத்தால் சித்தாள் வேலை என்று போகிறவர். ஊரில் அவருக்கு 300 ரூபாய். வீட்டு வேலை தொடங்கும்போது நம் தோழர்கள் அவர்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, பணம் செலவான கணக்கோடு நாள் செலவான கணக்கையும் எழுதச் சொன்னார்கள். எழுதியது பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள்.

அந்த நோட்டைத்தான் இங்கே விரிக்கிறோம்.

கையிலிருந்து போன பணம் 5,10,000. இதில் அரசு கொடுத்தது 3,50,000. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலியும் கழிப்பறைத் தொகையும் இதற்குள்ளேயே அடக்கம். மீதி 1,60,000 கடன். நகையை அடகு வைத்ததில் கொஞ்சம், குழு லோனில் கொஞ்சம், பெரும்பகுதி ஊரில் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு. எல்லாவற்றையும் அந்த வட்டிக் கணக்கிலேயே வைத்துக்கொண்டால் மாதம் 4,800 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வட்டி மட்டும் 1,15,200.

இனி நாள் கணக்கு. கொத்தனார் தன் வீட்டுக்காகச் சென்னை வேலையை விட்டு நின்றது 96 நாள். போன கூலி 96,000. அக்கா 120 நாள். கடைக்காலுக்கு மண் தோண்டியது, செங்கல் சுமந்தது, கலவை போட்டது, லாரி எப்போது வரும் என்று தெரியாமல் ரோட்டு முனையில் காத்திருந்தது, காலையும் மாலையும் சுவருக்கும் கூரைக்கும் தண்ணீர் ஊற்றியது. நாளுக்கு 300 என்றால் 36,000. மொத்தம் 1,32,000. இதற்கு அரசு கொடுத்த கூலி 90 நாளுக்கு, அன்றைய நூறு நாள் வேலைக் கூலியான 319 ரூபாய் வீதம், 28,710. ஆக, யாரும் கொடுக்காத கூலி 1,03,290.

மூன்றையும் கூட்டுங்கள். 7,28,490 ரூபாய்.

அதே ஊரில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 1,950 ரூபாய் கேட்டிருந்தார். 360 சதுர அடிக்கு 7,02,000. அதாவது, தானே கட்டியதில் மிச்சமானது 88,710 ரூபாய். அதை வட்டி தின்று, மேலே 26,490 கேட்டது. ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தால் கடன் இன்னும் பெரிதாகியிருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகியிருக்கும். அந்தக் கடனை அவர்களுக்குக் கொடுக்க ஆளில்லை என்பதால்தான் அவரிடம் போகவில்லை. அவர்களிடம் முதலாக இருந்தது இரண்டு உடம்புகள். அதைப் போட்டார்கள்.

இந்தக் கணக்கில் ஏறாதவையும் உண்டு. மகள் பதினான்கு நாள் பள்ளிக்குப் போகவில்லை. அந்த நாட்களை நோட்டில் அவளே எழுதி அடிக்கோடிட்டு வைத்திருக்கிறாள். தாத்தா மணலுக்கும் கம்பிக்கும் இரவுக் காவல். ஏழு மாதம் குடும்பம் தார்ப்பாய்க் கொட்டகையில் கிடந்தது. நடுவில் ஒரு வடகிழக்குப் பருவமழை. இதற்கெல்லாம் விலை போட நமக்குத் தெரியவில்லை.

இந்தக் கணக்கில் நம்மைக் கோபப்படுத்துவது ஒரு சின்ன விஷயம். அந்த மனிதர் கொத்தனார். இருபது மாடிக் கட்டடத்தில் தூக்குக்குண்டு விட்டுச் சுவர் எழுப்புகிறவர். அவர் தன் வீட்டுச் சுவரை எழுப்பும்போது அரசுக் கணக்கில் ‘திறன்சாராத் தொழிலாளி’ ஆகிவிடுகிறார். ஏனென்றால் நூறு நாள் திட்டத்திலிருந்து வீட்டுக்கு வரும் கூலி திறன்சாரா வேலைக்கு மட்டும்தான். 2024-25-இல் ஊரான் வீட்டைக் கட்டினால் 1,000, தன் வீட்டைக் கட்டினால் 319. அதுவும் 90 நாளோடு சரி. அதற்குப் பிறகு அவர் கை பூஜ்யம்.

இந்தப் பூஜ்யம் எங்கிருந்து வருகிறது? ‘வெட்டி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் அதற்குக் கூலியில்லாமல் செய்தே ஆக வேண்டிய கட்டாய வேலை என்று பொருள். ஏரிக்கு மண் எடுப்பது, வாய்க்கால் வெட்டுவது, சுமை தூக்குவது. இன்றைக்கு “வெட்டியா இருக்கான்” என்றால் வேலை செய்யாமல் சும்மா இருக்கிறான் என்று பொருள். கூலி இல்லாத வேலை, காலப்போக்கில் வேலையே இல்லை என்றாகிவிட்டது. சமூகவியல் வகுப்பில் இரண்டு ஆண்டு படித்ததை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. நம் மக்களின் நேரத்துக்கு விலை கிடையாது என்ற பழக்கம் இந்த மண்ணில் ஊறியது. எஸ்டிமேட் போடுகிற பொறியாளர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் அவருக்காகக் கணக்கு எழுதிவிடும்.

கையால் செய்வதைப் போற்றுகிறவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 1924-இல் பெல்காமில் காந்தி தலைமையேற்ற காங்கிரஸ் மாநாடு ஒரு முடிவெடுத்தது. உறுப்பினராக வேண்டுமானால் மாதம் 2,000 கெஜம் நூலைத் தானே நூற்றுக் கொடுக்க வேண்டும். முடியாதவர்கள், விருப்பமில்லாதவர்கள் வேறொருவர் நூற்ற நூலைக் கொடுத்தாலும் போதும். அடுத்த ஆண்டே நூலுக்குப் பதில் நாலணா கட்டினால் போதும் என்றும் ஆனது. தற்சார்பை நாலணாவுக்கு வாங்கிக்கொள்ளலாம்! தேர்வு செய்ய முடிந்தவனுக்குத்தான் கைத்தொழில் ஒரு விரதம். நூற்றே ஆகவேண்டிய பெண்ணுக்கு அது பிழைப்பு. 1945-இல் வெளிவந்த ‘காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன’ என்ற நூலில் அம்பேத்கர் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறார். இயந்திரம் மனிதனுக்கு ஓய்வைத் தரவல்லது. ஓய்வு இல்லாமல் படிப்பு இல்லை, சிந்தனை இல்லை, பண்பாடு இல்லை. எல்லாவற்றையும் கையால் செய்துகொள் என்று உழைக்கும் மக்களைப் பார்த்துச் சொல்வது அவர்களை மாட்டைப் போல உழைத்துக் கிடக்கச் சொல்வதாகும் என்பது அவர் வாதம். அந்த நோட்டில் அடிக்கோடிட்ட பதினான்கு நாட்களை இந்த வாதத்தோடு வைத்துப் படியுங்கள்.

வாங்குவதைப் பற்றியும் நமக்கு ஒரு வரலாறு உண்டு. கல்லூரியில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. 1930, 1931 ஆண்டுகளில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள் மேல் விதித்த தடைகளை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது. தங்க நகை கூடாது. பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்போ பித்தளையோ கூடாது. குடத்தைச் சுமக்கச் சும்மாடாக வைக்கோலைத்தான் வைக்க வேண்டும், துணி வைக்கக்கூடாது. அதே பட்டியலில், காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை மிராசுதாரிடம் வேலை செய்ய வேண்டும், ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா கூலி என்றும் இருக்கிறது. கடையில் காசு கொடுத்து ஒரு பித்தளைக் குடம் வாங்குவது அன்றைக்குக் குற்றம். வைக்கோல் சும்மாடு சுற்றுச்சூழலுக்கு உகந்ததுதான். ஆனால் அதைத் தலையில் வைத்தவள் கையில் அந்தத் தேர்வு இல்லை.

அதனால்தான் “மண் வீடு எவ்வளவு குளுமை, நீங்கள் ஏன் கான்கிரீட்டுக்கு ஆசைப்படுகிறீர்கள்” என்று நம் ஊர்களுக்கு வந்து கேட்கிற நல்ல மனிதர்களைப் பார்த்தால் நமக்கு எரிச்சல் வருகிறது. கூரை வீட்டின் குளுமை நமக்கும் தெரியும். அது எப்படி எரியும் என்பதும் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். கான்கிரீட் கூரை நமக்கு அந்தஸ்து என்பது பாதி உண்மை, தீப்பிடிக்காது என்பது மீதி. அந்த நம்பிக்கையும் 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தத்தில் உடைந்தது. பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடுகள், பீரோ, வண்டி, பிள்ளைகளின் சான்றிதழ்கள். அக்கம்பக்கக் குடியிருப்புகளையும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. ஒரு வீட்டின் உண்மையான விலையைப் போடும்போது, இந்த நாட்டில் நம் மக்கள் இந்தச் செலவையும் ஒரு வரியாக எழுதவேண்டியிருக்கிறது.

சரி, அப்படியானால் ஒப்பந்தக்காரரே கட்டித் தரட்டுமா? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை நம் ஊர்த் தொகுப்பு வீடுகளுக்கு அழைத்துப்போக வேண்டும். 1980-களிலும் 90-களிலும் வரிசையாக, ஒரே அச்சில், ஒப்பந்தக்காரர்கள் கட்டிக் கொடுத்தவை ஏராளம். ஊரைவிட்டுத் தள்ளி, பள்ளமான நிலத்தில், படுத்தால் கால் சுவரில் இடிக்கிற அறை. கூரைப் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கும். மழை பெய்தால் வீட்டுக்குள் இருப்பதைவிடத் திண்ணை பாதுகாப்பு என்று வெளியே வந்து உட்கார்ந்திருக்கும் பாட்டிகளை நாம் எல்லா மாவட்டத்திலும் பார்த்திருக்கிறோம். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-இல் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்றோம். சொல்லோடு அந்தக் கூரைகளும் போனால் இன்னும் மகிழ்வோம். எனவே ‘பயனாளியே கட்டட்டும்’ என்ற விதி ஒரு நல்ல காரணத்துக்காகவும் வந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. தானே நின்று கட்டுகிறவர் கலவையில் சிமெண்டைக் குறைக்கமாட்டார். வாசல் எந்தப் பக்கம், அடுப்படி எங்கே என்று அந்த அக்காதான் முடிவு செய்தார். அந்த வீடு உறுதியான வீடு. தட்டிப் பார்த்தோம், உண்மையாகவே.

கடைப் பொருள் மலிவு என்பதிலும் நம்மவர் வியர்வை உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுவோம். திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்துச் செங்கல் சூளைகளில் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்த இருளர்களும் தலித்துகளும் மீட்கப்பட்ட செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். கடையில் வாங்கிய கல்லில் கொடுக்காத கூலி ஒளிந்திருக்கிறது, வீட்டில் அடுக்கிய சுவரிலும் கொடுக்காத கூலி ஒளிந்திருக்கிறது. இரண்டையும் விட்டுக்கொடுத்தவர்கள் ஒரே தெருக்காரர்கள். ஆகவே ‘செய்வதா, வாங்குவதா’ என்று பட்டிமன்றம் நடத்துவதில் நமக்கு ஆர்வமில்லை. எந்த வழியில் போனாலும் நம் மக்களின் நேரத்தை இலவசமாக எடுத்துக்கொள்வதை நிறுத்து என்பதே நம் சண்டை.

வீட்டுத் திட்டத்தில் இதை நிறுத்துவது ஒன்றும் ராக்கெட் அறிவியல் இல்லை. தன் வீட்டைக் கட்டும் கொத்தனாருக்குக் கொத்தனார் கூலி கொடு, எத்தனை நாள் ஆகிறதோ அத்தனை நாளுக்கும். தண்ணீர் ஊற்றுவதும் காவல் இருப்பதும் வேலைதான், அதற்கும் வருகைப் பதிவேடு போடு. தொகையை எட்டு ஆண்டுகளுக்கு அப்படியே உறைய வைக்காமல் ஆண்டுதோறும் சந்தை விலையோடு சேர்த்து உயர்த்து. எல்லாவற்றையும்விட முக்கியம், பணத்தை வேலைக்கு முன்னால் கொடு.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் கடன் பிறப்பதே இங்கேதான். பணம் கட்டம் கட்டமாக வருகிறது. பேஸ்மட்டம் முடித்துப் போட்டோ எடுத்து ஏற்றினால் ஒரு தவணை. லிண்டல், கூரை என்று அடுத்தடுத்து. அதாவது நீ முதலில் செலவு செய், பிறகு நாங்கள் தருகிறோம். கையில் பத்தாயிரம்கூட இல்லாத குடும்பம் பேஸ்மட்டம் போட எங்கே போகும்? வட்டிக்காரரிடம்தான். ஓவர்சியர் வந்து பார்க்க இரண்டு வாரம், பில் போக இன்னும் சில வாரம் என்றால், நூற்றுக்கு மூன்று வட்டி அந்த வாரங்களிலும் தூங்காது. நம் நோட்டுக் குடும்பத்துக்குக் கூரை மட்டத் தவணை வர இரண்டு மாதம் ஆனது. சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. வட்டியாகப் போகும் 1,15,200 ரூபாயில் பாதியாவது பணம் முன்கூட்டி வந்திருந்தால் மிஞ்சியிருக்கும் என்பது நம் மதிப்பீடு. இதே அரசு பெரிய ஒப்பந்ததாரர்களுக்கு வேலை தொடங்க முன்பணம் தரும் வழக்கம் உண்டு. சேரிக் கொத்தனாருக்கு மட்டும் முதலில் கட்டிக் காட்டு!

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் இப்போது திட்ட வீடு கட்டிக்கொண்டிருக்கும் குடும்பம் ஒன்றாவது இருக்கும். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். பணத்துக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு பக்கம். யார் எத்தனை நாள் வேலையை விட்டார்கள், அன்றைய கூலி என்ன, கடன் யாரிடம், வட்டி எவ்வளவு, தவணை எந்தத் தேதியில் வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாத நாட்களையும் எழுதச் சொல்லுங்கள். பெண்களின் நாட்களைப் பெண்களிடமே கேளுங்கள். ஆண்களிடம் கேட்டால் “அது சும்மா கூட நின்னுச்சு” என்பார்கள். நம் வீட்டிலும் ஒரு வெட்டிக் கணக்கு ஓடுகிறது, அதையும் சேர்த்தே உடைக்க வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு அந்த நோட்டுகளோடு போவோம். திட்ட வீடுகள் பற்றிய பொருள் வரும்போது எழுந்து, எங்கள் ஊரில் கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்பத்தார் போட்ட நாட்களையும் அதற்குரிய கூலியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள் என்று கேட்போம். ஊராட்சிச் செயலர் அதற்குத் தனிக் கலம் இல்லை என்பார். கோடு போட்டுக் கொடுக்க ஸ்கேலும் எடுத்துப் போங்கள்.